கிட்டத்துக்கு ஒரு லென்ஸ்

ஒரு இட்லியை அளப்பதற்காக அப்பாவின் வெர்னியர் காலிப்பரை எடுத்தபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். முப்பத்தோரு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் முன்னால் நின்றவர். அந்தக் காலிப்பர் துணி சுற்றி, பெட்டிக்குள் வைத்து, பீரோவில் பூட்டியிருக்கும். எங்கள் வீட்டில் நகைக்குக்கூட அவ்வளவு பாதுகாப்பு கிடையாது. நகை அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

"எண்ணெய்க் கையோட தொடாத. எவ்ளோ வருது?"

"82 மி.மீ."

"பாயின்ட்?"

"இட்லிக்கு எதுக்குப்பா பாயின்ட்?"

"அப்ப ஸ்கேல்லயே அளந்திருக்கலாமே. அதை ஏன் எடுத்த?"

நியாயமான கேள்விதான். நான் அப்போது ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்குவதா வேண்டாமா என்ற குழப்பத்தில் இருந்தேன். நாலு மாசமாக இருந்தேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரர் இரண்டு லென்ஸ்களை வைத்து ஒரே ஸ்ட்ராபெரியைப் படமெடுத்துக் காட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டு, காலையில் எழுந்ததும் வேறு ஒரு லென்ஸ்தான் சரி என்று தோன்றும். ஸ்ட்ராபெரியை வைத்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரிந்த சாமான்களை வைத்துக் கணக்குப் போடலாம் என்றுதான் காலிப்பரை எடுத்தேன்.

கணக்கு சுலபமானது. என் கேமரா, பழைய கேனான் 700டி. அதன் சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. மேக்ரோ லென்ஸ் என்று சொல்லும்போது 1:1 என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். பொருள் நிஜத்தில் எவ்வளவு பெரிதோ அதே அளவில் அதன் பிம்பம் சென்சாரில் விழும் என்று அர்த்தம். அதாவது 1:1இல் என் படத்துக்குள் அடங்குவது 22 மி.மீ. அகலம்தான். 82 மி.மீ. இட்லியில் கால்வாசி. இட்லி முழுசாகத் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 1:4 போதும். கேமராவோடு இலவசம் மாதிரி வந்த 18-55 லென்ஸ் 0.36 வரைக்கும் போகும். 62 மி.மீ. அகலத்தை அது தானாகவே நிரப்பிவிடும். ஆக, இட்லிக்கு மேக்ரோ லென்ஸே தேவையில்லை.

இதை யாரும் சொல்லவே மாட்டேன் என்கிறார்கள். உணவுப் படம் எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வதைக் கேட்டுத்தான் நானும் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு வடை, எதற்கும் 1:1 வேண்டாம். கடுகுக்கு வேண்டும். அப்பா கடுகை அளந்தார் (இந்த முறை பாயின்ட்டோடு, 1.9). 1:1இல் பதினோரு கடுகை வரிசையாக நிறுத்தினால் படம் நிறைந்துவிடும். இட்லியின் மேல்தோலில் இருக்கிற துளைகளுக்கு வேண்டும். கறிவேப்பிலையின் பின்பக்க நரம்புக்கு வேண்டும். பொடிக்கு வேண்டும்.

எங்கள் வீட்டுப் பிழைப்பு பொடியில்தான் இருந்தது.

2020இல் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். அம்மா முன்பு திருமுல்லைவாயில் மகளிர் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்த்தவள். சீலிங் மெஷின், எடை, லேபிள் எல்லாம் அவளுக்குப் பழக்கம். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கொள்ளுப் பொடி என்று நாலு வகையை அக்கம்பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுக்களில் விற்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போகும்போது பையில் பத்து பாக்கெட் இருக்கும். திரும்பி வரும்போது இருக்காது. பௌர்ணமி என்றால் இன்னும் அதிகம். மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று வருகிற கூட்டம், கொடியிடை நாயகியிடம் வந்து சேரும்போது நல்ல பசியோடு இருக்கும்.

நான் அதற்குப் படம் எடுத்தேன். கல்யாண வீடுகளில் இரண்டாவது கேமரா பிடிப்பது என் வேலை. சாப்பாட்டுப் படம் எனக்குப் புதுசு. பொடியைக் கிண்ணத்தில் குவித்து எடுத்தால் செங்கல் தூள் மாதிரி இருந்தது. கறிவேப்பிலைப் பொடி சிமென்ட். பொடி என்பது தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் நிறம்தான். கிட்டே போனால்தான் அது பருப்பு, மிளகாய்த் தோல், உப்புக்கல், பெருங்காயத் துகள். அந்தக் கிட்டத்துக்குத்தான் எனக்கு ஒரு லென்ஸ் தேவைப்பட்டது.

போன்ல எடுக்கலாமே என்று தோழி கேட்டாள். எடுத்துப் பார்த்தேன். போனின் மேக்ரோ, பொருளுக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் கிட்டே போனால்தான் வேலை செய்கிறது. அவ்வளவு கிட்டே போனால் போனின் நிழலே பொடிமேல் விழுந்துவிடுகிறது.

முதலில் மலிவான வழி. எக்ஸ்டென்ஷன் டியூப் என்று மூன்று வெற்று வளையங்கள் கிடைக்கும். உள்ளே கண்ணாடியே கிடையாது. லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. தள்ளி நிறுத்தினால் லென்ஸ் இன்னும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் வரும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. டியூப் போட்டால் அரை மடங்கு. அப்பாவுக்கு இது உடனே பிடித்துவிட்டது. "இதை நானே கடைஞ்சு குடுத்திருப்பேனே" என்றார்.

மலிவு டியூபில் மின்தொடர்பு இருக்காது. அப்பெர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. அதற்கு ஒரு திருட்டு வழி உண்டு. முதலில் லென்ஸை நேரடியாக மாட்டி எஃப் 8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டனை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்ற வேண்டும். இதழ்கள் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். பிறகு டியூபோடு மாட்டலாம். இதை எல்லாம் செய்து முடித்துப் பார்த்தால், லென்ஸுக்கும் பொடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. ஜன்னல் வெளிச்சம் பாதி மறைந்தது. சூடான சாதத்தில் பொடியும் நெய்யும் போட்டு எடுக்கப் போனேன். ஆவி நேராக வந்து கண்ணாடியில் படிந்தது. படம் முழுக்கப் பனிமூட்டம்.

அன்றைக்குத்தான் லென்ஸ் விளம்பரங்களில் பெரிசாகப் போடாத ஒரு எண் எனக்கு முக்கியமாயிற்று. ஃபோகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரம் என்று போட்டிருப்பார்கள். அது சென்சாரிலிருந்து அளப்பது. அதில் கேமராவின் தடிமன், லென்ஸின் நீளம் எல்லாம் போக, லென்ஸின் முகத்துக்கும் பொருளுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் இடம்தான் வேலை செய்கிற தூரம். 60 மி.மீ. மேக்ரோவில் அது பத்து சென்டிமீட்டருக்குப் பக்கத்தில். 100 மி.மீ. மேக்ரோவில் 14 சென்டிமீட்டர் சுமாருக்கு வரும். கேனானின் 35 மி.மீ. மேக்ரோ, 2017இல் வந்தது, அவ்வளவு கிட்டே போகவேண்டியிருப்பதால் லென்ஸின் முகத்திலேயே குட்டி எல்இடி விளக்குகளை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். பிரச்சினையை ஒத்துக்கொண்ட நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அப்போ 100 மி.மீ.தான் என்று முடிவெடுத்தேன். கேனானின் எல் வரிசை 100 மி.மீ., 2009இல் வந்தது. புதிதாக வாங்கினால் ஐம்பதாயிரத்துக்கு மேல். என்னிடம் இருந்தது 38,000. மிரர்லெஸ் கேமராக்களுக்கு எல்லோரும் மாறிக்கொண்டிருப்பதால் பழைய மவுன்ட் லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் இறங்கிவந்திருந்தன. எல் வரிசைக்கு முந்தைய 100 மி.மீ. ஒன்று 22,000க்கு இருப்பதாக ஒரு கடையில் சொன்னார்கள். வாங்குவதற்கு முன்னால் எல் வரிசையையே இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம் என்று கொண்டுவந்தேன்.

முதல் நாள் காலையில் ஒரு விஷயம் தெரிந்துபோனது. வாழையிலைச் சாப்பாட்டை இந்த லென்ஸால் எங்கள் வீட்டில் எடுக்கவே முடியாது. 60 செ.மீ. இலை முழுசாகத் தெரிய இரண்டே முக்கால் மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் சமையலறை எட்டடி. மேலிருந்து எடுக்கலாம் என்றால், இலையைத் தரையில் போட்டாலும் கேமரா சீலிங் ஃபேனோடு சுற்ற வேண்டியதுதான். பெரிய ஸ்டூடியோ இருப்பவர்கள் எழுதிய சிபாரிசுகளை எட்டடி சமையலறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் கிட்டே போனபோது வேறு உலகம். உளுந்தின் விளிம்பில் வறுபட்ட பழுப்பு தெரிந்தது. மிளகாய் விதையின் தோல் சுருக்கம் தெரிந்தது. 1:1இல், எஃப் 8இல், கூர்மையாகத் தெரியும் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான். "ஒரு தோசை கனம்கூட இல்ல" என்றார் அப்பா. ஃபேனை நிறுத்தி, டிரைபாடில் வைத்து, ரெண்டு செகண்ட் டைமர் போட்டு, மூச்சை அடக்கி எடுத்தேன். கீழே ஆவடி லோக்கல் போகும்போது மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டுத் தரை லேசாக அதிரும். இருபத்தைந்து வருஷமாக அந்த அதிர்வு எனக்குத் தெரியாது. லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிசாக்கிப் பார்த்தபோது கடுகு ஆடியது.

இரண்டாம் நாள் கொள்ளு. கொள்ளுப் பொடிக்குத்தான் அப்போது ஆர்டர் அதிகம். உடம்பு இளைக்கும் என்று யாரோ சொல்லி, ஒரே அபார்ட்மென்டிலிருந்து எட்டு கிலோ. அம்மா பொறுக்கி, புடைத்து, டப்பாவில் போட்டு வைத்திருந்த கொள்ளிலிருந்து ஒரு பிடி எடுத்து வெள்ளை தெர்மகோல் மேல் பரப்பினேன். பழுப்பு, சிவப்பு, சாம்பல் என்று ஒவ்வொரு மணியும் ஒரு நிறம். கொள்ளு அவ்வளவு அழகான தானியம் என்று அதுவரை தெரியாது.

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தபோது மூன்றாவது படத்தில் மணிகளின்மேல் வெள்ளைப் புள்ளிகள். தூசி என்று நினைத்தேன். பெரிசாக்கினேன். ஒரே அளவு, முட்டை வடிவம், தோலோடு ஒட்டியிருந்தது. பயறு வண்டின் முட்டைகள். வண்டு பயறின் தோல்மேல் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். அதிலிருந்து வரும் புழு நேரே உள்ளே துளைத்துக்கொண்டு போய், உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, வட்டமாக ஒரு ஓட்டை போட்டு வெளியே வரும். ஐந்தாவது படத்தில் அந்த ஓட்டையும் இருந்தது. ஏழாவது படத்தில், கொள்ளுகளுக்கு நடுவே, கொள்ளின் நிறத்திலேயே, கொள்ளின் அளவிலேயே ஒரு கல்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு வாடிக்கையாளர் அம்மாவுக்கு ஆடியோ அனுப்பியிருந்தார். பொடியில் நறநறவென்று கல் கடிபட்டதாக. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என் கையால பொறுக்குனது, என் முறத்துல எப்படிக் கல்லு இருக்கும்? அவங்க வீட்டு அரிசியில இருந்திருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நாங்களும் ஆமாம் என்றோம்.

அன்று ராத்திரி நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். படங்கள் மறுநாள் அனுப்பியாக வேண்டும். குளோன் டூலை எடுத்து ஒவ்வொரு முட்டையாக அழித்தேன். கல்லின்மேல் பக்கத்துக் கொள்ளை நகலெடுத்து ஒட்டினேன். நாற்பது நிமிஷம் ஆனது. வேலை சுத்தமாக வந்திருந்தது. அப்புறம் படுத்தேன். சமையலறையில் அந்த டப்பா இருந்தது. காலையில் அம்மா அதை வறுத்துவிடுவாள்.

நாலரை மணிக்கு எழுந்துபோய் அப்பாவை எழுப்பினேன். அவர் திருத்தாத படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்ளோ கிட்டக்கப் பார்த்தா எல்லார் வீட்டுலயும் ஏதாவது இருக்கும்" என்றார். அப்புறம் அவரே, "இல்ல. உங்கம்மா இதை விடமாட்டா. கண்ணு தெரியல அவளுக்கு" என்றார்.

அதைச் சொன்னதும் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. சமையலறை டியூப் லைட்டை அந்த வருஷம் இரண்டு தடவை மாற்றச் சொன்னாள். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். கோயிலில் தீபாராதனை காட்டும்போது விளக்கைச் சுத்தி வட்டம் வட்டமாக ஒளி தெரிகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். இந்த ஊர் சிவனைச் சந்தனக் காப்பில்தான் பார்க்க முடியும். தொண்டைமானின் வாள் பட்ட காயத்துக்குப் பூசியது என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரை சதயத்தில்தான் அதைக் களைவார்கள். அந்த வருஷம் போய்விட்டு வந்து, "கூட்டத்துல சரியாத் தெரியலடி" என்றாள். கூட்டம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

காலையில் அவளிடம் படத்தைக் காட்டினேன். பெரிய திரையில், முழு அளவில். கொஞ்ச நேரம் பேசவில்லை. முறத்தில் ஒரு பிடி கொள்ளைப் போட்டு, பால்கனி வெளிச்சத்துக்குப் போய், முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கையில் தடவிப் பார்த்தாள்.

"எதுல இருக்கு, காட்டு."

காட்டினேன். அவளுக்குத் தெரியவில்லை.

எட்டு கிலோ ஆர்டரை அவளே போன் போட்டு நிறுத்தினாள். காரணத்தையும் சொன்னாள். "கொள்ளுல வண்டு வெச்சிருக்குங்க, தெரியாம அனுப்பியிருப்பேன், மன்னிச்சிக்குங்க." கல் கடிபட்டவருக்கும் போன் போட்டாள். எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. நான் அழித்த படத்தைப் பற்றி அவளிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

இரண்டு கண்ணிலும் புரை. ஒரு தனியார் மருத்துவமனையில்தான் முதலில் காட்டினோம். கவுன்சலர் ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து பட்டியலை விரித்தார். சாதாரண லென்ஸ், இறக்குமதி லென்ஸ், தூரம் கிட்டம் இரண்டும் தெரிகிற மல்டிஃபோகல் லென்ஸ். கடைசியில் இருந்ததன் விலை, நான் நாலு மாசமாகக் கனவு கண்டுகொண்டிருந்த லென்ஸைத் தாண்டிப் போனது. அதுவும் ஒரு கண்ணுக்கு. மல்டிஃபோகலில் ராத்திரி விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம் என்று நான் கேட்ட பிறகுதான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில், என்னிடம் 38,000 இருக்கிறது, மீதியைப் புரட்டலாம் என்றேன்.

"உன் லென்ஸு காசா?"

"ஆமா."

"வேணாம். எழும்பூர் போலாம்."

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அம்மாவுக்கு அந்தக் கதை எதுவும் தெரியாது, அவள் அம்மாவுக்கு அங்கேதான் ஆபரேஷன் நடந்தது என்பது மட்டும் தெரியும். பாட்டிக்கு அந்தக் காலத்தில் லென்ஸ் வைக்கவில்லை. புரையை எடுத்துவிட்டு, சோடாபாட்டில் அடி மாதிரி ஒரு தடிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்பதை 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி செய்து காட்டினார். போரில் விமான மூடியின் அக்ரிலிக் சில்லுகள் பைலட்டுகளின் கண்ணுக்குள் கிடந்தும் கண் அவற்றை ஏற்றுக்கொண்டதைக் கவனித்து வந்த யோசனை. நம் ஊர் ஏழைக்கு அது வந்துசேர இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று. 1992இல் மதுரையில் அரவிந்தின் ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்த பிறகுதான் விலை விழுந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி வீடியோக்களில் நான் இப்போது இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழும்பூரில் எங்களிடம் பேசியவர் இளம் டாக்டர். ஒற்றைத் தூரத்துக்கான லென்ஸ்தான் வைப்போம், பொதுவாகத் தூரப் பார்வைக்கு வைப்போம், படிக்கவும் கிட்டத்து வேலைக்கும் கண்ணாடி போட்டுக்கணும் என்றார்.

"தூரத்துல நான் என்னங்க பார்க்கப்போறேன்?" என்றாள் அம்மா. "எனக்கு முறம் தெரியணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எவ்ளோ தூரத்துல வெச்சுப் பார்ப்பீங்கம்மா?" என்று கேட்டார். அம்மா இரண்டு கையையும் நீட்டி, முழங்கையை மடக்கி, இல்லாத முறத்தைப் பிடித்துக் காட்டினாள். டாக்டர் எழுதிக்கொண்டார். கிட்டத்துக்கு வைத்தால் தூரத்துக்குக் கண்ணாடி போட வேண்டியிருக்கும், டிவி, பஸ் போர்டு எல்லாம் மங்கலாகத் தெரியும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா இஞ்ச் டேப்பை எடுத்தார். அம்மாவை மணையில் உட்காரவைத்து, முறத்தைக் கையில் கொடுத்து, கண்ணிலிருந்து முறத்தின் நடுவரைக்கும் அளந்தார். 41 செ.மீ. இன்னொரு தடவை, அம்மா மறந்துபோய் நிஜமாகவே புடைக்க ஆரம்பித்த பிறகு அளந்தார். 38. நான் கணக்குப் போட்டேன். 40 சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரிய, கண் ஏறக்குறைய மைனஸ் இரண்டரையில் நிற்க வேண்டும். ஒன்றை 0.4 மீட்டரால் வகுத்தால் வருவது. மறுமுறை போனபோது இதைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப்போனேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். "கல்யாண போட்டோ" என்றேன்.

லென்ஸுக்குக் காசு ஆகவில்லை. ஆனால் இரண்டு கண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, சொட்டு மருந்து, புகை கூடாது, அடுப்படி கூடாது, குனியக்கூடாது என்று நாலரை மாசம் பொடி வியாபாரம் நின்றது. வறுக்கிற நெடியில் நிற்கக் கூடாதே. அந்த நாலரை மாச வாடகைக்கும் மளிகைக்கும் 38,000 கரைந்தது. கடைசியில் என்னிடம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் ஆவடியில் ஒரு அண்ணன் தன் ஸ்டூடியோவை மூடப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஷோகேஸில் ஒரு நிக்கான் 55 மி.மீ. மைக்ரோ, எஃப் 3.5, ஆட்டோஃபோகஸ் இல்லாத காலத்து லென்ஸ். செத்துப்போனவர்களின் பழைய கறுப்புவெள்ளைப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், குரூப் போட்டோவில் நகத்தளவு இருக்கும் முகத்தைக் காப்பி எடுத்து, பெரிசாக்கி, மாலை போட ஏற்ற மாதிரி பண்ணிக் கொடுப்பதற்கு அவர் அப்பா வாங்கியதாம். அந்த லென்ஸ் வம்சமே அதற்குத்தான் பிறந்தது. 1956இல் நிக்கான் முதல் மைக்ரோ லென்ஸைச் செய்தது ஜப்பானிய எழுத்துகள் நெருக்கியடிக்கும் ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் தெளிவாக எடுக்க. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் எழுத்தே மாறிவிடும்.

போன் டார்ச்சைப் பின்பக்கம் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பார்த்தேன். சென்னை ஈரத்தில் பழைய லென்ஸ் வாங்குபவர்கள் இதைச் செய்யாமல் காசைக் கொடுக்கக் கூடாது. ஃபங்கஸ் இருந்தால் சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுத் தெரியும். முன்பு சொன்ன 22,000 ரூபாய் லென்ஸில் அது இருந்தது, "தூசிதான் மேடம்" என்றார்கள். இதில் ஓரத்தில் ஒரே ஒரு கீறல். அப்பெர்ச்சர் இதழில் எண்ணெய் இல்லை. ஃபோகஸ் வளையம் நல்லெண்ணெய் ஊற்றியது மாதிரி நிதானமாகத் திரும்பியது. கேனானில் மாட்டுகிற அடாப்டரையும் சேர்த்து 6,500.

இது 1:2 வரைதான் போகும். 44 மி.மீ. அகலம். கடுகு கடுகளவாகத்தான் தெரியும். ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், அப்பெர்ச்சரை மூடினால் வ்யூஃபைண்டர் இருட்டிவிடும். பரவாயில்லை, கொள்ளு எங்கும் ஓடிப்போகாது. முன் கண்ணாடி குழாய்க்குள் ஆழமாகப் பதிந்திருப்பதால் ஆவியும் எண்ணெய்த் தெறிப்பும் சுலபத்தில் எட்டுவதில்லை. வாழையிலைக்கு ஒன்றரை மீட்டர் போதும், சமையலறைக் கதவோரத்தில் நின்றே எடுக்கலாம். எட்டு மணி கொள்ளு ஒரு வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றின் தோலும் தெரியும். பொடிக்கு இதைவிடக் கிட்டே போக வேண்டிய தேவை எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் டியூப் இருக்கிறது.

முதல் கண் கட்டைப் பிரித்த அன்று அம்மா சுவரைப் பார்த்து, "இது வெள்ளைதானா?" என்று கேட்டாள். நான் எடுத்துப் பிரிண்ட் போட்ட பழைய லேபிள்களை எல்லாம் வாங்கிப் பார்த்தாள். எள்ளுப் பொடி லேபிள் நீலம் அடிக்கிறது, எப்படி இதை ஓகே பண்ணேன் என்று என்னைத் திட்டினாள். ஓகே பண்ணியது அவள்தான்.

பொடி மறுபடி ஆரம்பித்து ஏழு மாசம் ஆகிறது. கொள்ளை இப்போது வெயிலில் காயவைத்து, சல்லடையில் சலித்து, அப்புறம் பொறுக்குகிறாள். ஒரு பிடி எடுத்து எனக்கு முன்னால் பரப்பி, "எடு, பார்க்கலாம்" என்பாள். நான் படமெடுத்துத் திரையில் தேடுவதற்குள் அவள் முறத்திலிருந்து கல்லை எடுத்து என் கீபோர்டு மேல் வைத்துவிடுவாள். போன வாரம் மூன்று.

தூரக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வருவது மட்டும் மாறவில்லை. நேற்று சி.டி.எச். ரோடு பஸ் ஸ்டாப்பில் பொடிப் பையோடு நின்றுகொண்டிருந்தோம். சிவப்பாக ஏதோ வந்தது.

"பாப்பா, நம்பர் என்ன?"

"லாரிம்மா அது."